நாற்காலியை உடைக்காமல் ஒரு கதை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

நடக்கக் கூடாதவை என்னென்ன உண்டோ அத்தனையையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் அவை நடக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆதாரம் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் துலூத் நகரில் பனி அள்ளும் வண்டிகளை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது என்று சொல்வதுதான் இருபத்தாறு வருஷமாக என் வேலை. அதாவது, மோசமானதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதிலும் நான் அதையேதான் செய்கிறேன் என்பது என் மனைவி டார்லாவின் கருத்து.

மார்ச்சில் ஒரு வாரம் சான் டியேகோவுக்குப் போவது என்று ஜனவரியில் முடிவானது. வெளியே முழங்கால் அளவு பனி. டார்லா போனை எடுத்தாள், நான் நோட்டை எடுத்தேன். அவள் பயணத்தைத் திட்டமிட ஆரம்பித்தாள், நான் பயணத்தைப் பற்றிய கதையை. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதல் தொடக்கம்:

விமானம் தரையிறங்கியபோது சிக்ரிட்டின் நாற்காலி இரண்டு துண்டாக—

[இங்கே நின்றுவிட்டது. வாக்கியம் மோசம் என்பதால் அல்ல. பின்னாலிருந்து சிக்ரிட்டே படித்துவிட்டாள்.]

சிக்ரிட் எங்கள் ஒரே மகள், வயது பத்தொன்பது. பிறவியிலேயே தசைகளில் வலு இல்லை. வலது கையின் விரல்களும் நாக்கும் நன்றாக வேலை செய்யும், உங்கள் இருவரையும் மேய்க்க அது போதும் என்பாள். அந்த விரல்களால்தான் முந்நூற்று நாற்பது பவுண்டு எடையுள்ள மின் நாற்காலியை ஓட்டுகிறாள். வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் வருவாள்.

"அப்பா, மறுபடியும் என் நாற்காலிய உடைச்சிட்டியா?"

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டாமா என்று முனகினேன்.

"அப்ப உன் கால உடைச்சுக்க" என்றாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆறு வருஷம் முன்னால், அவளுக்குப் பதின்மூன்று வயதில், வேறொரு ஊருக்கு விமானத்தில் போனோம். சரக்கோடு சரக்காக ஏற்றிய நாற்காலி, ஓட்டும் குச்சி முறிந்து, ஒரு சக்கரம் பக்கவாட்டில் முறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அவள் ஐந்து நாள் ஹோட்டல் கட்டிலில் படுத்து மேற்கூரையைப் பார்த்தாள். நாங்கள் மாறி மாறி அருகில் உட்கார்ந்து அவள் மேற்கூரையைப் பார்ப்பதைப் பார்த்தோம். அதன்பிறகு விமானம் என்ற பேச்சே கிடையாது. வேனில் போகக்கூடிய தூரத்தில் எத்தனை ஏரி உண்டோ அத்தனைக்கும் போனோம். எல்லா ஏரியும் ஒரே ஏரிதான்.

இந்த முறை கேட்டது அவளே. சூரியன் வேண்டும், கடல் வேண்டும் என்றாள். கூடவே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு சாயங்காலம் பீச்சுல என்னைத் தனியா விடணும். நீங்க ரெண்டு பேரும் என் கண்ணுல படக் கூடாது, நான் உங்க கண்ணுல படக் கூடாது. ஒத்துக்கிட்டா வரேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க, நான் பூனையப் பாத்துக்கறேன்."

எதற்கு என்று கேட்டேன். பத்தொன்பது வருஷத்தில் வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம்கூட யாரும் பார்க்காமல் இருந்ததில்லை என்றாள். அம்மா, நான், பள்ளியில் உதவியாள், மருத்துவமனையில் செவிலி. குளிக்கும்போதும் ஆள், அழும்போதும் ஆள். கணக்குச் சரிதான். நான் மனதுக்குள் சரிபார்த்தேன்.

ஆக, வாசகரே, இந்தக் கதையில் கடல் பெரிய விஷயமில்லை. என்னால் முதுகைத் திருப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதிப் பார்த்தபோது முடியவில்லை.

3

(திட்டமிடல் பற்றிய பகுதி. அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். எங்களால் தாண்ட முடியவில்லை.)

சிக்ரிட்டைக் கட்டிலில் கிடத்த ஒரு தூக்கு எந்திரம் உண்டு. அதன் இரண்டு கால்களும் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் வேலை நடக்கும். இப்போதெல்லாம் ஹோட்டல் கட்டில்களை அடியில் பெட்டி மாதிரி அடைத்துவிடுகிறார்கள். கதவு அகலம், குளியலறை வாசல், கைப்பிடி எல்லாம் கேட்டால் சொல்வார்கள். கட்டிலுக்கு அடியில் இடம் உண்டா என்று கேட்டால் குழம்பிவிடுவார்கள்.

ஓர் ஆள், எல்லா வசதியும் இருக்கிறது, வாசலில் இரண்டே இரண்டு படிதான் என்றார். இன்னொரு பெண், கவலைப்படாதீர்கள், எங்கள் கட்டிலுக்கு அடியில் யாருமே ஒளிய முடியாது என்று டார்லாவுக்குத் தைரியம் சொன்னாள். பதினான்கு ஹோட்டல்கள் ஆயின. பதினைந்தாவதில் ரமிரோ என்ற வரவேற்பாளர் எடுத்தார். தெரியாது என்றார். அதுவரை யாரும் தெரியாது என்று சொல்லவில்லை.

"இருங்க மேடம், நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

பதினோரு நிமிஷம் பாட்டு ஓடியது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஆறரை அங்குலம். தரையில படுத்து அளந்தேன். ஜன்னல் பக்கம் குறுக்க ஒரு கட்டை வருது. அத மட்டும் கழட்டி வச்சிடட்டுமா?"

டார்லா போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சமையலறைக்குப் போய்த் தேவையே இல்லாமல் காபி போட்டேன்.

[ரமிரோவைப் பற்றி ஒரு சந்தேகம். கதையில் இவ்வளவு நல்லவர் வந்தால் வாசகர் நம்புவதில்லை. பின்னால் இவர் கழுத்தறுக்கப்போகிறார் என்று காத்திருப்பார்கள். அதனால் ஒரு வடிவத்தில், நாங்கள் போய்ச் சேரும்போது ரமிரோ வேலையை விட்டுப் போயிருந்தார், புதிய ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கட்டை அப்படியே இருந்தது. சிக்ரிட் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டாள். ஓரத்தில், கோணல்மாணலான அவள் எழுத்தில்: 'நல்லவங்களைக் கண்டா உனக்கு என்ன அப்பா?']

போய்ச் சேர்ந்தபோது ரமிரோ இருந்தார். கட்டையைக் கழற்றியிருந்தார். என்னைவிடக் குள்ளம், தொப்பை உண்டு. அந்த உடம்போடு தரையில் படுத்திருக்கிறார்.

4

அதற்கு முன் விமானத்தைச் சொல்ல வேண்டும். வரிசை தப்பிவிட்டது. அடித்துத் திருத்த மனமில்லை, படித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியின் முதுகில் டார்லா பெரிய அட்டை ஒன்றை ஒட்டியிருந்தாள். எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்று அம்புக்குறியோடு படங்கள். அடியில் சிக்ரிட் சொல்லச் சொல்ல நான் எழுதியது: 'இவை என் கால்கள். தலைகீழாக வைக்க வேண்டாம்.' ஓட்டும் குச்சியைக் கழற்றிக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றரை மணி நேரத்தில் அதை ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அது என்ன என்று கேட்டார். குச்சி என்றேன். அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

எல்லோரும் இறங்கிய பிறகு நாங்கள் காத்திருந்தோம். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சரக்கு வாசலிலிருந்து நாற்காலி சரிவில் இறங்கியது, நேராக, நான்கு சக்கரத்தில். தள்ளிக்கொண்டு வந்த ஆள் அட்டையை ஒரு முறை படித்துவிட்டு நாற்காலியைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அழுதுவிட்டேன். பணிப்பெண் தண்ணீர் வேண்டுமா என்றாள்.

* ஒரு சங்கடமான குறிப்பு. அந்தக் கண்ணீருக்கு நடுவில், எழுத்தாளனுக்குக் கடுகளவு ஏமாற்றமும் இருந்தது. நாற்காலி உடைவதாக எட்டுப் பக்கம் ரகசியமாக எழுதிவைத்திருந்தேன். எல்லாம் வீண்.

5

நான்காம் நாள், மாலை நான்கு மணி. மணலில் புதையாத பலூன் சக்கரங்கள் கொண்ட மின் நாற்காலியைக் கடற்கரையில் ஒரு குடிலில் இரவல் தருகிறார்கள். டார்லா பிப்ரவரியிலேயே பேசி நாள் வாங்கியிருந்தாள். இருக்கை அகலம், முதுகு உயரம், கழுத்துத் தாங்கி, பெல்ட்டின் நீளம் எல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். நான் இரண்டு முறை சரிபார்த்தேன். சிக்ரிட்டைத் தூக்கி அதில் உட்காரவைத்த பிறகுதான் மூவரும் பார்த்தோம். குச்சி இடதுபக்கம் இருந்தது.

இரண்டு மாதம், ஐம்பது போன், ஒரு நோட்டு நிறைய அங்குலங்கள். எந்தக் கைப்பக்கம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் வலது கைக்காரி என்பது எங்களுக்கு அவ்வளவு தெரிந்த விஷயம், அதனால் உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன். இனி அடிக்கப்போவதில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அரை விநாடிதான். இனி அவள் தனியாகப் போக முடியாது, தப்பு என்னுடையதும் இல்லை, எல்லோரும் ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

"பாத்துட்டேன்" என்றாள் சிக்ரிட்.

"எத?"

"உன் மூஞ்சிய. நிம்மதியா இருந்துச்சுல்ல உனக்கு?"

டார்லா என்னைப் பார்த்தாள். புளுகுவதே பொழுதுபோக்காக வைத்திருப்பவனுக்கு அந்த இடத்தில் ஒரு புளுகும் கிடைக்கவில்லை.

"ஆமா" என்றேன். வெட்கமாக இருந்தது.

"சரி. இப்ப என்ன பண்ணப் போற?"

குச்சியை வலதுபக்கம் மாற்றலாமாம். குடிலில் இருந்த பெண் சொன்னாள். ஆனால் அதை எப்போதும் செய்கிறவர் அன்று விடுமுறை, அவளுக்குச் செய்து பழக்கமில்லை. ஸ்பேனர் மட்டும் இருந்தது. அதைக் கொடுங்கள் என்றேன். மணலில் மல்லாந்து படுத்து அடியில் தலையை விட்டேன். நான்கு போல்ட்டுகள். இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவது உப்பில் துருப்பிடித்து இறுகியிருந்தது.

இங்கே கதை இரண்டு பக்கமும் போகலாம். வரவில்லை என்று நான் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடியில் இருந்தது நான் ஒருவன்தான். உண்மையிலேயே ஒரு கணம் ஸ்பேனரைப் பிடித்தபடி சும்மா படுத்திருந்தேன், அலைச் சத்தம் கேட்டது. பிறகு முழு பலத்தோடு திருகினேன். விரல் முட்டியில் தோல் உரிந்தது. போல்ட் வந்துவிட்டது.

"வந்துடுச்சு" என்று கத்தினேன். நான்காவதையும் கழற்றி, குச்சியை வலதுபக்கம் மாட்டினேன்.

கடலில் குளிப்பவர்களைக் கவனிக்கும் இரண்டு காவல் கோபுரங்களுக்கு நடுவில் இருந்தால் போதும் என்று குடில் பெண் எல்லையைக் காட்டினாள். கோபுரத்திலிருந்து காவலர்கள் பார்ப்பார்களே, உனக்குப் பரவாயில்லையா என்று டார்லா கேட்டாள்.

"அவங்க எல்லாரையும் பாப்பாங்கம்மா. அது பரவால்ல. என்னை மட்டும் பாக்கறவங்கதான் வேணாம்."

விரலை அசைத்தாள். பலூன் சக்கரங்கள் உருண்டன. டார்லா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

6

நானும் டார்லாவும் கடலுக்கு முதுகைக் காட்டி, வாகன நிறுத்தத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நாற்பது நிமிஷம். அதில் நான் கண்டது: ஒரு மனிதர் அலைமேல் சறுக்கும், தன்னைவிட நீளமான பலகையைத் தன்னைவிடச் சின்னக் காரில் ஏற்றப் பார்த்தார். பின்பக்கமாக, ஜன்னல் வழியாக, கூரைமேல். டார்லா சோள ரொட்டியில் மீனை மடித்த டாக்கோ இரண்டு வாங்கிவந்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. நான் கழுத்தைச் சொறிவதுபோலத் தலையைத் திருப்பியபோது, "திரும்பாத லைல், குடுத்த வாக்கு" என்றாள்.

திரும்பவில்லை. இதை நானே நம்ப முடியாமல் எழுதுகிறேன்.

பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. முகம் சிவந்து, முடி சிக்காகி, முழங்கால்வரை ஈரமாக வந்து நின்றாள். எனக்கு நெஞ்சு லேசாகி, சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றே தெரியாமல் சிரித்தேன்.

"பசிக்குது" என்றாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன பண்ணினாய் என்று கேட்டேன்.

"கதைக்கா?"

"இல்லடா கண்ணு. எனக்குத்தான்."

"உனக்கும் கிடையாது" என்றாள். சொல்லிவிட்டு டார்லா கையிலிருந்த மிச்ச டாக்கோவுக்கு வாயைத் திறந்தாள்.

7

அந்த நாற்பது நிமிஷம் வர வேண்டிய இடம் இது.

என்னிடம் மூன்று வடிவங்கள் இருந்தன. ஒன்றில் அலை வந்து கால்களை நனைத்தது, அவள் பெயர் தெரியாத ஒரு பாட்டை—

இரண்டாவதில், நாயோடு வந்த ஓர் இளைஞன் அவளிடம்—

மூன்றாவதில் பாட்டரி, சரியாக நடு வழியில்—

மூன்றையும் அழித்துவிட்டேன். எழுதினால் நான் பார்த்ததாகிவிடும். பெஞ்சில் திரும்பாமல் இருந்தவன் காகிதத்தில் திரும்பிவிட்டால் என்ன அர்த்தம்? இந்த மாதிரி இடத்தில், முடிவை வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று சொல்லி நழுவுவது எங்கள் வழக்கம். அதையும் சொல்ல மாட்டேன். நீங்களும் பார்க்க வேண்டாம்.

இந்தப் பக்கம் வாருங்கள். டார்லா தள்ளி உட்காருவாள், பெஞ்சில் இடம் இருக்கிறது. கடலுக்கு முதுகைக் காட்டி எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.