மஞ்சள் வராத தண்ணீர்

தம்பி வந்து இறங்கியபோது வண்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது அவனுடைய ஐந்து வயது மகள் அல்ல. மூன்று கட்டுத் தண்ணீர் பாட்டில்கள். அக்காவுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார் வீட்டுக்காவது சுமந்து போயிருந்தால் பயந்தாங்கொள்ளி என்று விட்டிருப்பாள். இந்த ஊர்த் தண்ணீரைப் பன்னிரண்டு வருடமாகச் சோதிக்கிறவளே அவள்தான். தினமும் காலையில் தெருத்தெருவாகப் போய், சின்னக் கண்ணாடிக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஐந்து சொட்டு மருந்து விடுவாள். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால் உடனே அலுவலகத்துக்குப் போன் போடுவாள்.

"ஏன்டா, நான் என்ன பாலைவனத்துலயா குடியிருக்கேன்?"

"தப்பா எடுத்துக்காதக்கா. வெளியூர் போனா குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"பதினெட்டு வயசு வரைக்கும் இந்த ஊர்க் குழாயில வாய வச்சு உறிஞ்சின ஆளு நீ. வெளிநாடு போனதும் உன் குடலுக்கும் பாஸ்போர்ட் குடுத்துட்டாங்களா?"

தம்பி சிரித்தான். தம்பி மனைவி சிரிக்கவில்லை. அவள் பாட்டில்களைக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் அடுக்கினாள். டீக்கும் பாட்டில் தண்ணீர், பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர். கழுவி வைத்த தட்டுகளைக்கூட அதில் ஒருமுறை அலசினாள்.

"அதுல எந்தக் கிணத்துத் தண்ணின்னு எழுதியிருக்காம்மா?"

"சீல் இருக்கே அண்ணி."

சீலைக் கடித்துத் தின்றால் தாகம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் பார்க்கும்போதெல்லாம் சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் நிறையப் பிடித்து, கடகடவென்று குடித்து, 'ஹா' என்று ஒரு சத்தமும் போட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் பிடுங்கிக்கொண்டது. டாக்டர் மருந்து கொடுத்து, கண்ட தண்ணீரையும் குடித்தாளா என்று கேட்டு, தெரிந்தால் போனில் சொல்லச் சொல்லி அனுப்பினார். வீடு வந்ததும் தம்பி தொடங்கினான்.

"நான் வந்தன்னைக்கே சொன்னேன். உன் தண்ணி உனக்கு வேணா ஒத்துக்கும்."

"என் தண்ணியத்தான் நீங்க யாரும் தொடவே இல்லியேடா! உன் சீல் வச்ச அமிர்தத்தைக் கேளு."

குப்பியை எடுத்து வந்தாள். சமையலறைக் குழாயில் பிடித்து, சொட்டு விட்டு, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். எலுமிச்சம்பழ நிறம். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழந்தை சுருண்டு கிடக்கும் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு அக்கா அதை அனுபவித்தாள்.

"அத்தை," என்றது குழந்தை. "நான் குளிக்கும்போது குடிச்சேன். பாட்டில் எட்டலை. ஷவர்ல வாயத் திறந்தா வருது."

"அதுவும் நல்ல தண்ணிதான் கண்ணு," என்றபடி அக்கா குளியலறைக்குள் போனாள். பிடித்தாள். ஐந்து சொட்டு. காத்திருந்தாள். இன்னும் ஐந்து சொட்டு. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சமையலறைக் குழாய் தெருக்குழாயிலிருந்து நேராக வருகிறது. குளியலறைக்கு வருவது மாடித் தொட்டித் தண்ணீர். அதைக் கடைசியாக எப்போது கழுவினோம்? இரண்டு மழைக்காலம் போயிருக்கும். "உங்க வாசல் வரைக்கும்தான் எங்க பொறுப்பு, தொட்டியக் கழுவக்கூடத் துப்பில்லையா?" என்று எத்தனை வாசலில் நின்று முகம் சுளித்திருக்கிறாள்.

கதவு சாத்தியிருந்தது. கொட்டிவிட்டு 'மஞ்சள்தான்' என்று சொன்னால் முடிந்தது. தம்பி பாட்டில் கம்பெனியைத் திட்டுவான். டாக்டருக்குத் தப்பான தகவல் போகும். குழந்தை தேறுமோ தேறாதோ, அவளுடைய பன்னிரண்டு வருடப் பெயர் தேறிவிடும்.

"என்னக்கா, உள்ள போய் நீயே குடிச்சிட்டியா?"

அவள் கதவைத் திறந்து குப்பியைக் காட்டினாள். "மாறல. என் மாடித் தொட்டி. டாக்டருக்குப் போன் போட்டு, கழுவாத தொட்டித் தண்ணி குடிச்சாள்னு சொல்லு."

தம்பி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெற்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது வந்த வெளிச்சம். தூ என்றிருந்தது அவளுக்கு. இதே வெளிச்சத்தைச் சற்றுமுன் தன் முகத்திலும் ஏற்றிக்கொண்டு நின்றது நினைவுக்கு வர, அந்தத் தூவைத் தனக்கும் சேர்த்தே வைத்துக்கொண்டாள்.

பிரஷை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தொட்டி மூடி ஒருபக்கம் விலகி, உள்ளே புறா இறகுகள் மிதந்தன. தண்ணீரைத் திறந்துவிட்டு, அடியில் பச்சை பிடித்த சேறு தெரிந்ததும் உள்ளே இறங்கித் தேய்க்க ஆரம்பித்தாள். கீழே முற்றத்தில் நின்று தம்பி போனில் பேசினான்.

"ஆமா டாக்டர், எங்க அக்காதான். ஊருக்கே தண்ணி டெஸ்ட் பண்றவங்க... ஆமா, அவங்க வீட்டுத் தொட்டியேதான்..."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அக்கா தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "கழுவி ரெண்டு வருஷம்னு சொல்லுடா! மூடி வேற திறந்து கிடந்துதுன்னு சத்தமா சொல்லு, அவருக்குச் சரியாக் கேக்கட்டும்!"