வேரோடு வந்த கல்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்ச நல்லா இழுங்க, புடிச்சுக்கோங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் அவள் தனியாள். செடி வளர்த்துப் பழக்கமில்லை. யாரோ கொடுத்த கற்றாழையைக்கூடக் காயவிட்டவள்.

அவள் பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு பூந்தொட்டியோடு வந்து நின்றான். மலைப்பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறவன்; அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வரவே மாட்டான். புள்ளி விழுந்த இலைகளுக்கு நடுவே ஒற்றைத் தண்டு, அதன் நுனியில் ஒரே ஒரு பூ. கீழ் இதழ் கைக்குழந்தையின் செருப்பு முனைபோலக் குழிந்திருந்தது.

"ஸ்லிப்பர் ஆர்க்கிட்க்கா இது."

"பொறந்தநாளுக்கு செருப்பாடா தருவாங்க? அதுவும் ஒத்த செருப்பு!"

அவன் சிரித்த சிரிப்பில் வீடே நிறைந்தது.

அன்றிலிருந்து அந்தச் செடி அவளைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். நேர்வெயில் ஆகாது என்றார்கள்; ஜன்னலுக்கு மெல்லிய திரை தைத்துப் போட்டாள். குருத்தில் நீர் தங்கினால் அழுகும் என்றார்கள். தெறித்த துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். ஆர்க்கிட் என்றால் நன்றாகக் காயவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று யாரோ சொன்னதையும் அப்படியே நம்பினாள்.

ஒரு நாள் காலையில் ஜன்னல் படியில் பூ விழுந்து கிடந்தது. வாடவில்லை, நிறம் மங்கவில்லை. யாரோ கழுத்தைக் கிள்ளிப் போட்டதுபோல முழுப்பூவாகக் கிடந்தது. இலைகளும் துவண்டிருந்தன. விடுப்பு சொல்லிவிட்டுத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆர்க்கிட் மட்டுமே வளர்க்கும் நர்சரிக்காரர் அவள் பதற்றத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பூ இப்படித்தாம்மா, முழுசா விழும். அதுக்குப் போய் அழுவாங்களா? இலைதான் சரியில்ல. தண்ணி ஊத்துறீங்களா இல்லையா?"

"நல்லா காயவிட்டு ஊத்தச் சொன்னாங்க."

"அது மத்த ஆர்க்கிட்டுக்கு. இதுக்குத் தண்ணி சேத்து வைக்கக் கிழங்கு கிடையாது. ஈரம் தேங்கவும் கூடாது, ஒரேயடியா காயவும் கூடாது. இருங்க, வேரைப் பாப்போம்."

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மரப்பட்டைத் துண்டுகள் உதிர்ந்தன. செடி கையில் வந்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. சில வேர்கள் ஒரு வெள்ளைக் கல்லை இறுகக் கட்டிப் பிடித்திருந்தன. மற்ற வேர்கள் கத்தியால் அறுத்தாற்போல ஒரே மட்டத்தில் முடிந்திருந்தன.

"இது யாரு குடுத்தா?"

"என் தம்பி. ஏன்?"

"நர்சரியில வளந்த செடிக்குப் பாறை ஏதும்மா? அடியிலையில பாருங்க, பூச்சி தின்ன பழைய தழும்பு. காட்டுல பாறையிலேருந்து பேத்து எடுத்திருக்காங்க. இத வித்தாலும் குத்தம், வெச்சிருந்தாலும் குத்தம்."

பாவம், தம்பியை எவனோ ஏமாற்றிவிட்டான் என்றுதான் அப்போதும் நினைத்தாள். உடனே சொல்லிவிடவேண்டும் என்று நேரே அவன் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் வேன் நின்றது. உள்ளே இருப்பானோ என்று எட்டிப் பார்த்தவள் மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. அழுகிய கீரை நாற்றம். வேனின் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கினாள்.

முட்டைக்கோஸ் ஏற்றும் சாக்குகள். எல்லாவற்றிலும் செடிகள். அதே புள்ளி இலைகள், கறுத்து, கூழாகி, ஒன்றின்மேல் ஒன்றாக அமுக்கப்பட்டு. நடுவில் ஒரு பூ மட்டும் நசுங்காமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அவள் தார்ப்பாயைப் பிடித்தபடியே நின்றாள். மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா? இங்க என்ன பண்ற?"

தம்பி வாசலில் நின்றான்.

"என்னடா இது?"

"செடிதான். காட்டுல சும்மா கெடக்குது. யாரு நட்டா, யாரு தண்ணி ஊத்துனா? கேக்குறவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"எல்லாம் செத்துப்போச்சேடா!"

"பாதி வழியிலேயே போயிடும்க்கா. அதுக்குத்தான் கூடுதலா எடுக்குறது."

தக்காளி நசுங்குவதைப் பற்றிப் பேசுகிற குரல். ஒரு துளி நீரைப் பஞ்சால் ஒற்றிய தன் விரல்களை அவள் பார்த்துக்கொண்டாள். தான் தூக்கி வளர்த்தவன்தானா இவன்?

"நீயே போய் வனத்துறையில சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"வெளையாடுறியா? கூடப் பொறந்தவனையே புடிச்சுக் குடுப்பியா?"

அவள் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு நடந்தாள். மறுநாள் காலை அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. மதியம்வரை பார்த்துவிட்டு, அவளே தொட்டியோடு வன அலுவலகத்துக்குப் போனாள். பார்த்ததையெல்லாம் சொன்னாள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்து, "சொந்தத் தம்பியா?" என்று இரண்டாம் முறையும் கேட்டார்.

மாலைக்குள் வேனைப் பிடித்தார்கள். உயிரோடிருந்த கொஞ்சம் செடிகள் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்துக்குப் போயின. அவளுடைய செடியையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். தம்பி மனைவி அவள் முகத்தில் விழிப்பதை விட்டுவிட்டாள். "நீ நல்லா இருப்பியா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டு வைத்துவிட்டாள்.

ஜாமீனில் வந்த தம்பி நெடுநாள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாக வெறுங்கையோடு, வாசலில் வந்து நின்றான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவன் உட்காரவில்லை.

"செடி எடுத்த எடத்தக் காட்டச் சொல்லி வனத்துறைக்காரங்க கூட்டிட்டுப் போனாங்கக்கா."

"ம்."

"நான் எப்பவும் விடியறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுட்டுத்தான் போவேன். வெளிச்சம் விழுற எடத்துல செடி இருக்கும், பேத்து எடுப்பேன். பகல்ல அந்த எடத்தப் பாத்ததே இல்ல. பாறை மொத்தமும் மொட்டைக்கா. சுவத்தச் சொரண்டி வெச்ச மாதிரி. ஒண்ணு இல்ல. ஒண்ணுகூட இல்ல. கூட வந்தவங்க யாரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் அங்கேயே உக்காந்துட்டேன்."

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினாள்.