போகச் சொன்னாள், போனான்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஒரு கோளாறு உண்டு. 'போ' என்றால் போய்விடுவான். லிஃப்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்கு இந்தக் கோளாறை மட்டும் சரிசெய்யத் தெரியவில்லை.

அப்பன் ஓடிப்போனான். அம்மா வேறு கல்யாணம் கட்டிக்கொண்டாள். பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, மாமா வீடு என்று வளர்ந்தான். அங்கெல்லாம் அவனை யாரும் திட்டியதே இல்லை. வந்துபோகிற பிள்ளையை யார் திட்டுவார்கள்? திடீரென்று உள்ளறையில் பெரியவர்களின் குரல் உயரும். மறுநாள், "போய்ட்டு வா, கண்ணு" என்பார்கள். போவான். ஒரு வீடும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அவன் பெண்டாட்டி பிறந்ததிலிருந்து கல்யாணம்வரை ஒரே வீட்டில் இருந்தவள். அப்பா பேங்க் மேனேஜர். விடிந்தால் போதும், "எங்கேயாவது போய்த் தொலைங்களேன்!" என்று அம்மா கத்துவாள். அப்பா பேப்பரைப் புரட்டுவார். தொலைந்தவர் யாருமில்லை.

ஒருநாள் சமையல் பாதியில் கேஸ் தீர்ந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்தும் சிலிண்டருக்கு அவன் சொல்லிவைக்கவில்லை. கடுப்பில் அவளும் அம்மாவைப் போலவே கத்தினாள்: "எங்கேயாவது போய்த் தொலைங்க!"

அவன் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான். சிலிண்டர் கொண்டுவரத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள், பாவம்.

ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டான். இந்த ஒரு வீடாவது தன்னைத் திரும்பக் கூப்பிடாதா என்று ஏங்கினான். கோபம் ஆறினால் தானே வருவான் என்று அவள் வீம்பாக இருந்தாள். போன் அடிக்கவே இல்லை.

கடைசியில் மாமனார்தான் அவன் வேலை பார்க்கிற இடமெல்லாம் விசாரித்து, மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்ன மாப்ளே, இவ்வளவு கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல மாமா. போகச் சொன்னா, வந்துட்டேன்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "அவ அம்மா சொன்னதுக்கெல்லாம் நான் போயிருந்தா, இந்நேரம் உலகத்தையே சுத்தியிருப்பேனே!"

அவன் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அடக் கடவுளே, நெஜமாவே போகச் சொன்னதா நெனச்சிட்டீங்களா?"

"வேற எப்படி மாமா நெனைக்கிறது?"

அவரே கூட்டிவந்தார். அடுப்படியில் மகளிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். அவள் கண் சிவக்க வெளியே வந்தாள்.

"வாங்க, உட்காருங்க. டீ போடட்டுமா?"

அன்றோடு அவள் கத்துவது நின்றது. பால் வாங்க மறந்தான். "பரவாயில்லைங்க" என்றாள். அவளுக்குப் பிடித்த கண்ணாடிக் கிண்ணத்தைப் போட்டு உடைத்தான். "போனாப் போ..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவாயில்லைங்க."

அந்தப் பதமான குரலைப் பெரியம்மா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் கேட்டுக்கேட்டு அவனுக்குக் காது புளித்திருந்தது. அடுத்து வரப்போவது "போய்ட்டு வா, கண்ணு"தான் என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் கிரீஸ் அப்பிய செருப்போடு, வேண்டுமென்றே, அடுப்படிவரை நடந்தான். அவள் அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த தரை. அவள் உதடு துடித்தது. அவன் ஆசையோடு நின்றான்.

"திட்டேன்" என்றான். அழுகை முட்டியது. "நாலு வார்த்தை திட்டேன்."

"உங்களை நான் எதுக்குங்க திட்டப்போறேன்?" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, அவள் தரையைத் துடைக்க உட்கார்ந்தாள்.