மாஸ்டரின் சட்டைப்பை

"அய்யோ, என்னா ருசி! என்னா ருசி!" என்று கூண்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கேரட்டைக் கடித்தாள் மாஸ்டரின் மனைவி. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருந்தது. அவளுக்குக் கேரட் பிடிக்கவே பிடிக்காது. கல்யாணமான புதிதிலிருந்தே, தட்டில் ஒரு துண்டு தென்பட்டாலும் பொறுக்கி எடுத்துப் புருஷன் தட்டுக்குத் தள்ளிவிடுகிறவள். இப்போது ஒரு முழுக் கேரட்டைப் பச்சையாக, கண்ணை மூடி ரசித்துத் தின்பதுபோல நடித்துக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் இருந்த கிளி அவளை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

சோபாவில் மாஸ்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருப்பவர். தெரு முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். செய்தித்தாளில் அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. இடது கை, தன்னை அறியாமல், சட்டைப்பையை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பைக்குள் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக்கட்டி இருந்தது. சாக்குக்கட்டிக்கு அடியில் ஒரு பிடி சூரியகாந்தி விதை இருந்தது.

கிளி மகளுடையது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, அங்கே வாடகை வீட்டில் பறவைக்கு இடமில்லை என்று குஞ்சாக இருந்ததை இங்கே கொண்டுவந்து விட்டாள். மனைவி மகளைப் பெரியவள் என்றும் கிளியைச் சின்னவள் என்றும் சொல்ல ஆரம்பித்தாள். சின்னவளுக்குச் சூரியகாந்தி விதையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் உணவாகத் தெரியவில்லை. விதையை மட்டுமே தின்று தின்று ஈரலில் கொழுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். காயும் கீரையும் பழக்க வேண்டும். "அதுக்கு எதிர்ல நீங்க ரசிச்சு சாப்பிடுங்க. கூட்டத்துல பெருசு ஒண்ணு சாப்பிடறத பாத்தாத்தான் குஞ்சுக்கு நம்பிக்கை வரும்" என்றார். அன்றிலிருந்து மனைவி கூட்டத்துப் பெரிசாகிவிட்டாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் என்பதால் எல்லாம் அளவுதான் அவளுக்கு. காலையில் மருந்து ஊற்றுகிற சின்ன மூடியில் விதையை அளந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பீன்ஸ், பூசணி, வேகவைத்த சோளம் என்று ஒவ்வொன்றாகத் தின்று காட்டுவாள்.

விதை குறைந்த முதல் நாள் கிளி கத்திய கத்தலில் மாஸ்டருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட, "என்ன மாஸ்டர், உள்ள யாரையாவது அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மதியத்துக்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரே ஒரு விதை எடுத்துக் கொடுத்தார். கிளி அதை உடைத்துத் தின்றுவிட்டு, கூண்டைவிட்டு இறங்கி வந்து, அவர் உள்ளங்கையில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டது. அவ்வளவுதான், மாஸ்டர் கவிழ்ந்துவிட்டார். பாவம், பசி தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. இந்த வீட்டில் தன்னைத்தான் அதற்குப் பிடிக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. மறுநாள் ஒரு விதை ஒரு பிடியாயிற்று. சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்பதற்குள் உமியை ஊதிக் குப்பையில் தள்ளிவிடுவார்.

வயிறு நிறைந்த கிளிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கேரட் தின்றுகொண்டிருந்தாள். இதை நினைக்கும்போது அவருக்கு உடம்பு கூசியது. நினைக்காமல் இருக்கத்தான் செய்தித்தாள்.

அன்றைக்கும் மகள் போன் செய்தாள். மனைவி கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் அத பட்டினி போட்டுட்டு இருக்கியாம்மா?"

"பட்டினி இல்லடி. டாக்டர் சொன்ன அளவுதான் வைக்கிறேன். தொடவே மாட்டேங்குது."

"உனக்கு யாரை சாப்பிட வைக்கிறதுன்னாலும் சண்டைதான். என்னையும் அப்படித்தான் துரத்தித் துரத்தி ஊட்டுவ. அப்பாகிட்ட குடு."

மனைவி போனை நீட்டினாள். மாஸ்டர் வாங்கிக்கொண்டு, "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. நாக்கும் இருந்தது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர் அன்று தன் வாயைத்தான் தைத்துக்கொண்டார். மனைவி மீதிக் கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குத்தான் பக்குவம் தெரியல போல" என்று கூண்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து வந்து, வழக்கம்போல, அவர் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறு ஒன்றைக் கிள்ளி எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் மேலிருந்து நூல் பொறுக்குவது அவளுக்கு அனிச்சையாகவே வந்துவிட்ட பழக்கம். பேசிக்கொண்டே எடுப்பாள், திட்டிக்கொண்டேகூட எடுப்பாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். கூடையில் பூனை வைத்திருந்த ஒருவர், காலில் கட்டுப் போட்ட நாயோடு ஒரு குடும்பம். உள்ளே கூப்பிட்டதும் கதவைச் சாத்தாமலே டாக்டரம்மா கிளியைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தார்.

"நீங்க குடுக்கற அளவுக்கு இது இளைச்சிருக்கணுமே. கூடித்தான் இருக்கு."

"தெரியலம்மா. வெச்ச காய் அப்படியே இருக்கு. ஒருவேள வியாதிதான் வீக்கமா..." மனைவி கிளியின் பக்கம் குனிந்தாள். "அப்புறம் இன்னொண்ணு. மூக்கு நுனி நீலமா இருக்கு பாருங்க. கொஞ்ச நாளா இருக்கு. பயந்து போய்த்தான் லீவு போட்டுட்டு கூட்டிட்டு வந்தேன். நான் ஏதாவது தப்பா குடுத்துட்டேனோ?"

டாக்டரம்மா பஞ்சை நனைத்துக் கிளியின் அலகைத் துடைத்தார். நீலம் பஞ்சோடு வந்துவிட்டது. அவர் பஞ்சை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சாக்பீஸ் மாதிரி இருக்கே" என்றார்.

மாஸ்டர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள், மேஜையில் விட்ட கிளி கிடுகிடுவென்று அவரை நோக்கி நடந்து வந்தது. சட்டையைப் பற்றி ஏறியது. வீட்டில் தினமும் ஏறுகிற அதே வழிதான். பைக்குள் தலையைக் கவிழ்த்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு துழாவியது. அவசரத்தில் கிளம்பியதில் பையைக் காலி செய்ய மறந்திருந்தார். உள்ளிருந்து டக் என்று விதை உடைகிற சத்தம் கேட்டது. இன்னொரு டக். வாசலில் பூனைக்காரர் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல இருந்தார். கிளி தலையை வெளியே எடுத்தது. துடைத்த அலகில் மறுபடியும் நீலம்.

மாஸ்டர் அந்தச் சின்ன அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி கத்தியிருந்தால் தேவலை. அவள் கிட்டே வந்தாள். அவர் காலரில் ஒட்டியிருந்த உமி ஒன்றை, நூல் பிசிறை எடுப்பது போலவே, இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு கிளியைப் பிடித்துக் கூண்டில் விட்டு, "இனிமே சரியா குடுக்கறோம்மா" என்று டாக்டரிடம் சொன்னாள். குடுக்கறோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அவளுக்கும் இப்படித்தானா?"

பெரியவளைத்தான் கேட்கிறாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. சின்ன வயதில், அவர் கடைவீதிக்கு நூல் வாங்கப் போய்த் திரும்பும் சாயங்காலங்களில் மகள் வாசலில் காத்திருப்பாள். வந்ததும் அவர் சட்டைப்பையில் கையை விட்டு க்ரீம் பிஸ்கெட் பொட்டலத்தை உருவிக்கொண்டு ஓடுவாள். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்பது இருவருக்கும் விளையாட்டாக இருந்தது. ராத்திரி தட்டோடு மனைவி பிள்ளையின் பின்னால் அலைவாள். ஊட்டுவாள், கெஞ்சுவாள், கடைசியில் ஒரு அடி வைப்பாள். பிள்ளைக்குப் பசியே எடுப்பதில்லை என்று எத்தனை டாக்டரிடம் காட்டினாள், எத்தனை டானிக் வாங்கினாள். அழுதுகொண்டு ஓடி வருகிற மகளை அவர்தான் தூக்கி வைத்துக்கொள்வார். மாஸ்டர் குனிந்து தன் சட்டைப்பையைப் பார்த்தார். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவர் முகமே சொல்லியிருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் கூண்டுக்கு முன்னால் உட்காரவில்லை. முன்னறையில் மாஸ்டர் சட்டையைக் கழற்றி மிஷினில் வைத்தார். பையை உதறி, வாயை மடித்து, ஒரு தையல் போட்டார். அது போதாது என்று மேலே இன்னொன்றும் போட்டார். அலமாரியில் இருந்த மற்ற சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வந்து பைகளை மூடினார். மிஷின் சத்தம் உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும்.

காலையில் மூடியில் விதையை அளந்து வைத்துவிட்டு, கேரட்டை எடுத்துக்கொண்டு அவரே கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கிளி இறங்கி வந்து நேராகச் சட்டையில் ஏறியது. பையின் வாயை அலகால் நெம்பியது. ஒரு ஓரம், மறு ஓரம், நடுவில். திறக்கவில்லை என்றதும் அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் கேரட்டைக் கடித்து, "நல்லாருக்கும்மா, பாரு" என்றார். சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. நீட்டிய விரலைக் கிளி ரத்தம் வரக் கடித்தது. காது கிழியக் கத்தியது. தன்னைப் பார்த்து இப்படிக் கத்துகிற ஒன்றின் எதிரில், தினமும் வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து ருசி ருசி என்று சொல்ல எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டைக் கடித்தார்.

போன் அடித்தது. அவர் கையும் ஸ்பீக்கரைத்தான் அழுத்தியது.

"என்னப்பா இப்படி கத்துது? அம்மா வேலைய ஆரம்பிச்சிட்டாளா?"

"அம்மா இல்ல, நான்தான்" என்றார். "இத்தனை நாளா உங்கம்மாவுக்குத் தெரியாம நான்தான் அதுக்கு விதை குடுத்துட்டு வந்தேன்."

மகள் சிரித்தாள். வீடு முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டு, ஆசையாகச் சிரித்தாள். "அப்பா! நீ மாறவே மாட்டியா? எனக்கு பிஸ்கெட் கொண்டு வருவியே, அதே மாதிரி. பாவம்ப்பா நீ. உனக்கு மனசு கேக்காது."

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஒத்துக்கொண்டதற்கும் தனக்கே நல்ல பேர் வந்து சேர்ந்ததில் மாஸ்டர் கூனிக் குறுகிப்போனார்.

"சிரிக்காதம்மா" என்றார். "மனசு கேக்காம ஒண்ணும் இல்ல. எனக்கு நல்ல பேரு வேணும்னு இருந்துச்சு. நீ சின்னதுல சாப்பிடாததுக்கு உங்கம்மா காரணமில்ல. உன் வயித்த ரொப்பி நான்தான் அவகிட்ட அனுப்பிச்சேன். அவ தட்டத் தூக்கிட்டு உன் பின்னாடி ஓடினா. நான் உக்காந்து வேடிக்க பாத்தேன்."

போனில் தூரத்தில் ஏதோ வண்டி போகிற இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு மகள் கேட்டாள். "அம்மா பக்கத்துல இருக்காளா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தோளில் வேலைக்குப் போகிற பை மாட்டியிருந்தது. ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "சரி... சரிடி. அழாத. எனக்கு நேரமாச்சு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு மேஜையில் வைத்தாள். மாஸ்டர் எழுந்து நின்றார். அவர் தோளில் இருந்த கிளி, கத்திக் களைத்துப் போய், அவர் விரலிடுக்கில் இருந்த கேரட்டைப் பிடுங்கி ஒரு கடி கடித்து உதறியது. அலகு நுனியில் ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது. உள்ளே ஏதாவது போயிற்றா என்று தெரியவில்லை. உதறியதில் ஒரு சின்னத் துணுக்கு, தைத்து மூடிய பையின் மேல் ஒட்டிக்கொண்டது.

மனைவி வாசலில் செருப்பில் காலை நுழைத்துவிட்டு, கிளம்பப் போனவள் ஒரு தரம் திரும்பி, அந்தத் துணுக்கைப் பார்த்தாள். அவள் வந்து கிள்ளி எடுப்பாளா என்று, மாஸ்டர் அதைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றார்.