துபாய் நாலு மணி நேரம்

பீரான் ஹாஜியின் மனைவி இய்யாத்துட்டி விடிகாலைத் தொழுகைக்குச் சற்றுப் பின் கண்மூடினாள். ஹாஜியார் அழவில்லை. முதல் வேலையாகத் துபாயிலிருந்த மகன் ஜம்ஷீருக்குப் போன் போட்டார்.

மறுமுனையில் வெகுநேரம் விம்மல்தான் கேட்டது. பிறகு, "உப்பா, நான் துபாய்ல இல்ல. வேலை போயி எட்டு மாசமாச்சு. கோழிக்கோட்டுல ஒரு ஹோட்டல்ல பரோட்டா போடறேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. இதோ, ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

ஹாஜியார் அறைக் கதவைச் சாத்தினார். முற்றத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அலவியின் குரலும் கேட்டது. அலவியின் மருமகன் போய் மூன்றாம் மாதமே வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபோது, பள்ளிவாசல் படியில் நின்று ஊர் காதில் விழக் கேட்டவர் ஹாஜியார்: "என்ன அலவி, உன் மருமகன் துபாய்க்குப் போனானா, இல்ல ஏர்போர்ட்டைச் சுத்திப் பாத்துட்டு வந்தானா?" அன்று அலவியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"இப்ப வராதே," என்றார் மகனிடம். "நாலு மணிக்கு வா. பெட்டியோட வா."

"உப்பா, உம்மா அங்க..."

"சொன்னதைச் செய்."

வெளியே வந்து, "ஜம்ஷீர் கிளம்பிட்டான். அங்க எட்டரை மணி விமானம்," என்றார்.

பாதி ஊர் வளைகுடாவில் இருக்கும் திரூரங்காடியில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

"அங்க எட்டரைன்னா நமக்குப் பத்து. நாலு மணி நேரம். ரெண்டுக்குக் கரிப்பூர் ஏர்போர்ட்ல எறங்குவான்."

"பெட்டி வாங்கி வெளிய வர ஒரு மணி நேரம்."

"போடா, உம்மா மவுத்தாயி வர்றவன் பெட்டியா கட்டிட்டு வருவான்? அரை மணி போதும்."

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. பள்ளிவாசல் முசலியார் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "ஹாஜியாரே, மய்யித்தைக் காக்க வைக்கறது நல்லதில்ல. மத்தியானம் லுஹர் தொழுததும் அடக்கிடலாமே."

"ஒரே மகன். அவன் முகம் பாக்காம அவ போக வேணாம்."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது.

பத்து மணிக்கு உள்ளே போனார். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவருடைய தங்கை கதியும்மா ஓதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"காக்கா, நேத்து ராத்திரி இவ என்ன சொன்னா தெரியுமா? ஜம்ஷீரைக் கூப்பிடு, ஒரு மணி நேரத்துல வந்துடுவான்னா. காய்ச்சல் பிதற்றல்னு நெனச்சேன். அடுத்த நிமிஷமே, வேணாம், அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு திரும்பிப் படுத்துட்டா."

ஹாஜியார் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பினார். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், சாகும் நேரத்தில்கூட அவருடைய மானத்துக்காக மகனைக் கூப்பிடாமல் போயிருக்கிறாள். அவரோ பிணத்தையும் காக்க வைக்கிறார், பறக்காத ஒரு விமானத்துக்காக.

முற்றத்துக்கு வந்தார்.

"லுஹருக்கே அடக்கிடலாம். ஜம்ஷீர் கோழிக்கோட்டுலதான் இருக்கான். எட்டு மாசமா. விமானம்னு சொன்னது நான் சொன்ன பொய்."

ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கேலி இப்போது திரும்பி வரும் என்று அலவியைப் பார்த்துக் காத்திருந்தார். வந்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக நின்றார். அலவி எழுந்து மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"பஸ்ஸுக்கு நின்னா நேரமாயிடும். நான் வண்டி எடுத்துட்டுப் போறேன். எந்த ஹோட்டல் ஹாஜியாரே?"

அவருக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே, "உப்பா?" என்றது குரல், காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தவனைப் போல.

ஹாஜியாருக்கு வாய் வரவில்லை. போனை அலவியிடம் நீட்டினார்.

"நீ சொல்லு," என்றார், தலையைக் குனிந்தபடி.