எழுத்து, இசை: தம்பி

கண்ணாடிக்கடைக்காரனுக்கு நாள் முழுக்க ஒரே வேலை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டகத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போடுவான், எடுப்பான், இன்னொன்றைப் போடுவான். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பான். பதில் சொல்லத் தயங்குகிறவர்களைக் கண்டால் அவனுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். "யோசிக்காதீங்க. யோசிச்சா தெளிவாத் தெரியாது. கண்ணுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க" என்பான், பெரிய ஞானி மாதிரி.

அந்த நாற்காலியில் அவனை உட்காரவைத்தால் தெரியும் சேதி. செருப்பு வாங்கப் போனால் இடது கால் ஒரு ஜோடியிலும் வலது கால் இன்னொரு ஜோடியிலுமாகக் கடை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, பழைய செருப்போடு வீடு திரும்புகிற ஆள் அவன்.

அவனும் அக்காவும் சேர்ந்து ஒரு பாட்டு செய்திருந்தார்கள். அவன் எழுதி மெட்டமைத்தது, அக்கா பாடியது. அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஹார்ன் அடிப்பதைவிடக் குரல் கொடுப்பதில் நம்பிக்கை உள்ளவள். அந்தக் குரலை வீணடிக்கக் கூடாது என்று தம்பிதான் பிடிவாதம் பிடித்தான்.

பதிவு நடந்தது பக்கத்து மெத்தைக் கடையில். மெத்தைக்காரர் ஒரு விடுமுறை நாளில் கடையைத் திறந்துவிட்டு, மெத்தைகளை நாலு பக்கமும் நிமிர்த்தி நிறுத்தி, நடுவில் ஒரு அறையே கட்டிக் கொடுத்தார். உள்ளே நின்று தும்மினால் தும்மினவனுக்கே கேட்காது. அவ்வளவு அமைதி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டாம் சரணத்தில் அக்கா மூச்சு வாங்கிய அந்தச் சின்ன இடைவெளியில், ஒரு ஸ்பிரிங் மெத்தை அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. 'தொம்'. அக்கா நிறுத்தவில்லை. அடுத்த வரியைச் சிரிப்போடு எடுத்தாள். பிறகு எத்தனை தரம் பாடினாலும் அந்தச் சிரிப்பு வரவில்லை. தொம்மோடு சேர்த்து அதையே வைத்துக்கொண்டார்கள். மெத்தைக்காரர், "என் சரக்கு வாசிச்சிருக்கு பாரு" என்று தனக்கும் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டார்.

பாட்டு ரெடி. ஆனால் பாட்டுக் கேட்கிற செயலிகள் எதுவும் தனி ஆள் நேரே போய்த் தட்டினால் கதவைத் திறப்பதில்லை. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். பாட்டை அவர்களிடம் ஏற்றினால் அவர்கள் உலகம் பூராவும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கண்ணாடிக்காரன் தேடிப் பார்த்து நாலு நிறுவனங்களைப் பொறுக்கி, பட்டப்பெயரும் வைத்துவிட்டான். வருடா வருடம் கட்டணம் கேட்டு, கட்டாவிட்டால் பாட்டைத் தெருவில் இறக்கிவிடுகிறவன் 'வாடகைக்காரன்'. காசே கேட்காமல், வருகிற வருமானத்தில் பங்கு மட்டும் எடுத்துக்கொள்கிறவன் 'பங்காளி'. ஒரு பாட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்பவன் 'ஒருதரம்'. நாலாவது, நம்மைப் பிடித்தால் மட்டுமே பதில் போடும் 'பெரிய மனுஷன்'.

பேர் வைத்ததோடு முன்னேற்றம் நின்றுவிட்டது. வில்லை மாற்றுகிற மாதிரி இரண்டிரண்டாகப் போட்டுப் பார்த்தான். வாடகைக்காரனா, பங்காளியா? வாடகைக்காரன். வாடகைக்காரனா, ஒருதரமா? ஒருதரம். ஒருதரமா, பங்காளியா? பங்காளி. சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றான்.

ஒருநாள் அக்கா மூக்குக்கண்ணாடியின் கால் ஆடுகிறதென்று கடைக்கு வந்தாள். சரியான திருகாணி கிடைக்காமல் அவன் ஒரு பித்தளைத் திருகாணியைப் போட்டு முறுக்கினான். கறுப்புச் சட்டகத்தில் அது மட்டும் மின்னியது.

"பாட்டு எப்படா வரும்?" என்றாள்.

"பாத்துட்டிருக்கேன்க்கா. பங்காளிய நம்பலாமான்னு..."

"நம்ம சொந்தத்துலயே பங்காளி யாரையும் நம்புனதில்ல. இவன நம்புனா என்ன குறைஞ்சு போச்சு?"

"அவசரப்படக் கூடாதுக்கா. ஒரு தடவ தப்பா சேந்துட்டா அவ்வளவுதான்."

"கல்யாணமாடா பண்ணப் போற? பாட்டுடா அது." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டே, தயிர் வாங்கணும் என்கிற குரலில் சொன்னாள்: "தொண்டைல ஒரு கட்டி இருக்காம். கெட்டது இல்லையாம். எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் நாள் குடுத்திருக்காங்க."

அவன் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

"குரல்?"

"அப்படியே இருந்தாலும் இருக்கலாமாம், கொஞ்சம் மாறுனாலும் மாறலாமாம். எனக்கென்ன, கத்தறதுக்குத்தான ஹார்ன் குடுத்திருக்காங்க. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுடணும்டா. உன் போன்ல இல்ல. மத்தவங்க பாட்டெல்லாம் எப்படி வருதோ அப்படி. பேரைத் தட்டுனா வரணும்."

"வந்துடும்க்கா. இந்த வாரமே."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். ஆனால் இப்போது பாட்டின் கனம் கூடிவிட்டதல்லவா? முன்பு நல்ல நிறுவனமாக இருந்தால் போதும் என்றிருந்தவனுக்கு, இனி தப்பே நடக்காத நிறுவனம் வேண்டியிருந்தது. நாலு நிறுவனங்களின் நிபந்தனைகளையும் வரி விடாமல் படித்தான். அவற்றை எழுதியவர்களே அத்தனை தரம் படித்திருக்க மாட்டார்கள். வாரங்கள் போயின. அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். பொறுமையாக இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அக்கா பொறுமையாக இருந்ததே இல்லை என்பது அவனுக்கு அப்போது ஏனோ ஞாபகம் வரவில்லை.

அறுவைக்கு முந்தைய நாள் மதியம், கடையில் யாருமில்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு வாடகைக்காரனையே தேர்ந்தெடுத்தான். 'புதுசு கடைசி உண்மையான கடைசி' என்று பெயரிட்டு வைத்திருந்த கோப்பை ஏற்றினான். ஒரு டீ குடித்து வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இந்த ஒலிப்பதிவு ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வெளியாகியிருக்கிறதாம். அதனால் ஏற்க இயலாதாம்.

கொடுத்திருந்த இணைப்பைத் தட்டினான். அக்காவின் குரல் வந்தது. அதே பாட்டு, அதே தொம், அதே சிரிப்பு. பாட்டுக்கு 'கடைசி ஸ்டாப்' என்று ஒரு தலைப்பு. பாடியவர்கள்: பின்சீட்டுக்காரங்க. அட்டைப்படத்தில் ஒரு கண்ணாடியும் அதில் ஏதோ மங்கலான மூஞ்சியும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'எழுத்து, இசை: தம்பி'.

கண்ணாடிக்காரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. எவனோ ஒரு தம்பி. ராப்பகலாக உட்கார்ந்து இவன் மெட்டுப் போடுவானாம், எவனோ தம்பி என்று பேர் போட்டுக்கொள்வானாம். ஆதாரத்துக்குத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான். கீழே 'உரிமை மீறல் குறித்துப் புகார் அளிக்க' என்றிருந்ததைப் பார்த்தான். செருப்பு வாங்கவே முடியாதவன், ஒரு கணம்கூட யோசிக்காமல் அதை அழுத்தினான். புகாரை வாங்கிக்கொண்டது மனிதனாக இருந்திருந்தால் ஒரு வாரம் இழுத்தடித்திருப்பான், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வாங்கியது இயந்திரம். கைமேல் பதில்: பாட்டு இறக்கப்பட்டது.

அடுத்தது திருடன். பாட்டின் பிரதி இருந்தது மூன்றே பேரிடம். அவன், அக்கா, மெத்தைக்காரர்.

மெத்தைக்காரர் சரக்கின் மேலேயே மல்லாந்து படுத்திருந்தார். தூங்கவில்லை, தரம் பார்க்கிறேன் என்பார்.

"அண்ணே, உங்ககிட்ட இதை எதிர்பாக்கல" என்றான் இவன்.

"எதைப்பா?"

"தம்பின்னு பேர் போட்டா கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்து, போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படத்தை.

"எனக்கு வயசு அறுபதாகப் போகுது. நான் போட்டா அண்ணன்னு போட மாட்டேனா? அது போகட்டும். என் மெத்தை பேரை எங்கயாவது போட்டிருக்காங்களா? இல்லல்ல. நான் திருடியிருந்தா மொதல்ல அதைத்தான் போட்டிருப்பேன்."

இந்த வாதத்தில் இருந்த நியாயம் கண்ணாடிக்காரனைக் கொஞ்சம் அசைத்தது.

"இந்தக் கண்ணாடி பஸ்ஸுல இருக்கற கண்ணாடி மாதிரி தெரியுதே" என்றார் அவர். "உள்ள ஒரு பொம்பள. கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருப்பா. கண்ணுக்கு வைத்தியம் பாக்கறவன் நீதான?"

பெரிதாக்கினான். மங்கலாகத்தான் இருந்தது. தாடை, கன்னம், கறுப்புச் சட்டகம் போட்ட மூக்குக்கண்ணாடி. இடது காலில் ஒரே ஒரு பித்தளைத் திருகாணி, சின்ன நட்சத்திரம் மாதிரி.

அவன் அருகிலிருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அது விக்கிற சரக்கு" என்றார் மெத்தைக்காரர், தன்மையாக. "பரவால்ல, உக்காரு."

டிப்போவில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கிற அறையில் அக்கா போனை மேஜைமேல் வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் காக்கிச் சட்டைகள்.

"காலைல கூட வந்துச்சு" என்றார் ஒரு நடத்துநர். "நான் மூணு தடவ கேட்டேன். அந்தத் தொம்முங்கற எடம் ரொம்ப நல்லா இருக்கும்."

"எவனோ ஒரு புண்ணியவான் புகார் குடுத்திருக்கானாம்" என்றாள் அக்கா. "பாட்டு அவனோடதாம். அவன் மட்டும் என் பஸ்ஸுல ஏறட்டும்."

"நான்தான்க்கா அந்தப் புண்ணியவான்."

அறையே திரும்பிப் பார்த்தது. ஒருவர் மரியாதையாக எழுந்து அவனுக்கு நாற்காலி கொடுத்தார். அடி வாங்கப் போகிறவன் நின்றுகொண்டு வாங்க வேண்டாம் என்கிற நல்லெண்ணம்.

எல்லாவற்றையும் ஒப்பித்தான். அக்கா கேட்டு முடித்து, சிரிக்கவா அடிக்கவா என்று தெரியாமல், போனாலேயே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தம்பின்னா வேற யாருடா? உலகத்துல எனக்கு எத்தனை தம்பி?"

"நீ எதுக்குக்கா சொல்லல?"

"பங்காளிகிட்ட நானே ஏத்திட்டேன்டா. சொன்னா நீ எறக்கச் சொல்லுவ, மறுபடியும் அலச ஆரம்பிப்ப. நீ ஒண்ண முடிவு பண்ணதும் இதை எடுத்துட்டு உன்னோடதயே விட்டுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." நிறுத்திவிட்டாள். பிறகு, "நேத்துதான்டா வந்துச்சு. பேரைத் தட்டினேன், வந்துச்சு. ஆனா வண்டி எடுக்கற நேரம். முழுசா கேக்கல. நாளைக்குக் கேட்டுக்கலாம்னு வச்சேன்."

அறுவை மறுநாள் காலை.

அவன் தன் போனை எடுத்துப் புகாரைத் திரும்பப் பெறும் பக்கத்தைத் திறந்தான். உரிமையாளர் யார் என்று அது கேட்டது. 'நான்', 'எதிர்த்தரப்பு' என்று இரண்டு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

அவன் 'எதிர்த்தரப்பு' என்பதை அழுத்திவிட்டான்.

"டேய், இன்னொரு தடவ யோசிக்க வேணாமா?" என்றாள் அக்கா, நிஜமாகவே பயந்துபோய்.

"யோசிச்சா தெளிவாத் தெரியாதுக்கா."

பாட்டு திரும்ப ஏறச் சில நாட்கள் ஆகலாம் என்றது பதில். அவன் விடவில்லை. பங்காளியின் உதவிப் பிரிவுக்கு எழுதினான்: 'திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன். என் அக்கா. திருட்டு எதுவும் நடக்கவில்லை, நடந்தது முழுக்க என் முட்டாள்தனம். நாளைக் காலை அக்காவுக்குத் தொண்டையில் அறுவை. அதற்குள் பாட்டை அவள் கேட்க வேண்டும்.' இயந்திரம் இரண்டு தடவை நன்றி சொன்னது. மூன்றாவதாக யாரோ ஒரு மனிதர் எழுதினார். 'எனக்கும் ஓர் அக்கா உண்டு. முயல்கிறேன், உறுதி சொல்ல முடியாது.'

மறுநாள் காலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பச்சை அங்கியில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்த அக்கா கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். பேரைத் தட்டினாள். 'எதுவும் கிடைக்கவில்லை'. இன்னொரு தரம் தட்டினாள். அதேதான்.

"போகட்டும் விடுடா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வேணும்னா நானே பாடட்டுமாக்கா?"

"வேணாம்டா. மயக்க மருந்து அவங்களே குடுப்பாங்க."

கட்டிலைத் தள்ள வந்த ஊழியர் சிரித்தார், அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் கதவுக்குள் போனாள். கதவு மூடியபிறகு, அந்தச் சிரிப்பை இதற்குமுன் எங்கே கேட்டோம் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அதன்பிறகு அவனால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. மெத்தைக்காரர்.

"தம்பி, வந்துடுச்சு. கடைல போட்டு விட்டிருக்கேன். ஒரு ஆள் விலை கேக்க வந்தவரு, கேட்டுட்டு நிக்கிறாரு. அது என் மெத்தைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

அக்கா கண் விழித்தபோது கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. பேசக் கூடாது என்று செவிலி இரண்டு பேரிடமும் சொன்னாள், அவனிடம் கொஞ்சம் அழுத்தி. குரல் எப்படி இருக்கிறதென்று ஆறின பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முடியாது என்பது வேறு. போன் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அவன் தட்டித் தரப் போனான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு, தானே எழுத்து எழுத்தாகப் பேரைத் தட்டினாள். பாட்டு வந்தது.

கண்ணை மூடிக் கேட்டாள். பல்லவி போனது, முதல் சரணம் போனது. அவன் பாட்டைக் கேட்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் சரணத்தில் பாட்டுக்குள்ளிருந்த அக்கா மூச்சு வாங்கினாள்.

கட்டிலில் இருந்த அக்கா கையை உயர்த்தி, தலையணைமேல் ஒரு தட்டு தட்டினாள்.

தொம். இரண்டும் ஒன்றாக விழுந்தன, இம்மி பிசகவில்லை.