‘மகனே’ இறங்குகிற இடம்

என் வீட்டுக்காரர் கிறிஸ்ரோபர்தான் குருநகரில் எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பகலில் ஐஸ் பக்டரியில் வேலை, பின்னேரத்தில் பாட்டு. பாட்டு விஷயத்தில் மனுஷனுக்கு இரக்கம் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால், உனக்குக் கொழுக்கட்டையும் பிடிக்கும், அது பாட்டாகுமோ என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். சுருதி ஒன்றுதான், அது ஆளுக்கு ஆள் மாறாது என்பது அவருடைய வேதம்.

பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கும்போது, எங்கள் கோயிலில் ஒரு பெண் மட்டும் மாதாவின் புலம்பலைப் பாடுவாள். வாத்தியம் கிடையாது. அதற்கு ஆளைத் தெரிவு செய்வதில் முந்தி பெரிய மனஸ்தாபம். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளின் ஆட்கள் அடுத்த பெரிய வெள்ளிவரை முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அதனால் இவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பாட விரும்புகிறவர்கள் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பாடவேண்டும். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து இவர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். சுருதி சரியென்றால் அதில் பச்சை காட்டும், பிசகினால் சிவப்பு. ஆள் யாரென்று பார்க்கத் தேவையில்லை.

நான் குழுவில் பின்வரிசை. புலம்பலுக்கு ஒருநாளும் நின்றதில்லை. போன தவக்காலத்துக்குச் சற்று முன்னர் என் கழுத்தில் ஒரு கட்டி கண்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் வெட்டி எடுக்கும்போது குரல் போனாலும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். பெரிய வெள்ளி கழியட்டும் என்று ஒப்பரேஷனைத் தள்ளிவைத்தேன். போகிற குரல் ஒருதரமாவது அந்தப் புலம்பலைப் பாடிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். புருஷனிடம் கெஞ்சி வாங்க எனக்கு மனமில்லை. எல்லோரையும்போல அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன்.

கதவைச் சாத்தினால் என்ன, என் குரல் அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார், புலம்பல் றொசாந்திக்கு என்று. எங்கள் தெருவில் ரியூஷன் கொடுக்கிற பிள்ளை அவள். ‘மகனே’ என்று வருகிற இடத்தில் நான் ஒவ்வொருமுறையும் சுருதியை விட்டு இறங்கிவிடுகிறேனாம். ஃபோனில் சிவப்பாம்.

“தாய் சுருதி பாத்தோ அழுவாள்?” என்று கேட்டேன்.

“அழுறது வேறை, பாடுறது வேறை, லூர்த்து. உனக்கெண்டு சுருதி இறங்கி வராது.”

“அது கிடக்கட்டும். உங்களுக்குப் பிடிச்சிருந்ததோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

அவர் சைக்கிளை முன்னால் உருட்டிக்கொண்டு போனார். அவருடைய கணக்கில் அது ஒரு கேள்வியே இல்லை. அந்தக் கோபத்தில் ஒரு கிழமை நான் அவருக்குக் கறியில் உப்பைக் கூட்டிப் போட்டேன். உப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுமோ என்று பார்க்கத்தான்.

றொசாந்தி பெரிய வெள்ளியன்று ஒரு பிசகில்லாமல் பாடினாள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பாடினாள். சனம் அழுதது. நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. ஈஸ்டர் கழிந்து ஒப்பரேஷன் நடந்தது. கட்டி போனது, டொக்டர் பயந்தபடியே குரலும் போனது. இப்போது எனக்கு வருவது வெறும் காற்று. மீன் கொண்டுவருகிறவரைக் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.

இந்தத் தவக்காலத்திலும் றொசாந்திதான். மழை பெய்து கோயில் கூரை ஒழுகியதால் பாடிப் பழக எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் ஒரு வரியைப் பாட, அவள் திருப்பிப் பாடினாள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். ‘மகனே’ வந்தது. இவர் பாடினார். பிள்ளை திருப்பிப் பாடவில்லை.

“மாஸ்டர், அதிலை இறங்குது,” என்றாள் மெல்ல.

இவர் மறுபடி பாடினார். மறுபடியும் இறங்கியது. மேசையில் கிடந்த ஃபோனில் சிவப்பு. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றதை அவர் காணவில்லை.

“பிழைதான் பிள்ளை. நீ சரியாப் பாடு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கு இப்ப இப்பிடித்தான் கேக்குது. வேறை மாதிரி வரமாட்டன் எண்டுது,” என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன வருஷம் நான் கேட்ட கேள்விக்கு, நான் பாட முடியாமல் போனபிறகு பதில் சொல்கிறார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, எனக்கு மிஞ்சியிருந்த காற்றில் சொன்னேன்:

“உவ்வளவுக்கு நான் இறங்கேல்லை.”

அவர் திரும்பிப் பார்த்தார். ஃபோனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப எவ்வளவு? காட்டு.”

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. கையைத் தூக்கினேன், அவர் பாடத் தொடங்கினார். கையைக் கொஞ்சம் இறக்கினேன், அவரும் கொஞ்சம் இறங்கினார். பிறகு ஒரு மயிரிழை உயர்த்திக் காட்டினேன். அந்த இடத்தில் அவர் நின்றார்.

அதுதான் என் குரல். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன். அது சுருதியை விட்டு இறங்கித்தான் இருந்தது. மனுஷன் அன்றைக்குச் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் கையைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.